பேலன்ஸ் ஷீட்டில் வராத சித்தப்பா

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு சார். எதைப் பார்த்தாலும் வரவா, பற்றா என்று மனசு கோடு போட ஆரம்பித்துவிடும். எங்கள் குடும்பக் கணக்கில் ஒரே ஒரு என்ட்ரி மட்டும் எந்தப் பக்கத்திலும் வந்ததில்லை. என் சித்தப்பா.

கேளம்பாக்கத்தில் உப்பளம் பக்கம் எங்கள் வீடு. சித்தப்பாவுக்கு இருபத்திரண்டு வயசில் ஆரம்பித்தது. காதில் யாரோ பேசுகிறார்கள் என்பார். டி.வி.யில் செய்தி வாசிக்கிற அம்மா தன்னைப் பற்றித்தான் சொல்கிறாள் என்பார். டாக்டர் ‘ஸ்கிஸோஃப்ரீனியா’ என்றார். அதாவது மனச்சிதைவு. அப்பா அதை ‘நரம்புத் தளர்ச்சி’ என்று மொழிபெயர்த்து ஊருக்குச் சொன்னார். சித்தப்பாவுக்கு மாத்திரை, எங்களுக்கு வாய்ப்பூட்டு!

என் கல்யாணத்தன்று அவரை வீட்டிலேயே விட்டு, துணைக்கு ஒரு ஆளைப் போட்டோம். கேட்டவர்களுக்கெல்லாம், ‘ஆபீஸில் லீவு கிடைக்கலை.’ அவர் வேலையை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

மனைவி மாசமானபோது டாக்டரம்மா கேட்டார்: “குடும்பத்துல பரம்பரை வியாதி ஏதாவது?”

நான் மின்விசிறியைப் பார்த்தேன். “ஷுகர் மட்டும்தான் மேடம்.”

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எனக்கும் வருமோ? பிறக்கப்போகும் குழந்தைக்கு? படிக்க ஆரம்பித்தேன்.

விடை தேடியவர்கள் நம்ம சென்னையிலேயே இருக்கிறார்கள். 1984-ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ அமைப்பு, ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டுக் குடும்பங்களையே ஆராய்ந்தது. நோய் உள்ளவர், அவருடைய உறவுகள் என்று எல்லோரிடமும் ரத்தம் வாங்கி, பரம்பரையில் எது கூடவே வருகிறது என்று பார்ப்பது. 2009-ல் முதலாம் குரோமோசோமில் ஓர் இடத்தைச் சுட்டினார்கள். 2019-ல், 3,000 பேருக்கு மேல் ஆராய்ந்ததில், வைட்டமின் பி3-யை உடம்பு பயன்படுத்துவதோடு சம்பந்தப்பட்ட ஒரு ஜீன் கண்ணில் பட்டது. 2022-ல் வெளியான உலக அளவிலான ஆய்வில் 280-க்கும் மேற்பட்ட இடங்கள்!

ஆக, ஒற்றை வில்லன் கிடையாது. எல்லாம் சில்லறைக் கடன்.

இனி நம்ம சப்ஜெக்ட், கணக்கு. பொதுவாக 100 பேரில் கிட்டத்தட்ட ஒருவருக்கு இந்த நோய். கூடப் பிறந்தவருக்கு இருந்தால் 100-க்கு 9 அளவில். சித்தப்பாவுக்கு இருந்தால் சுமார் 3. அச்சு அசல் இரட்டையரில்கூட ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவது பாதிக்குக் குறையாது. எந்த ரத்தப் பரிசோதனையும் இன்றைக்கு ‘உனக்கு வரும்’ என்று அடித்துச் சொல்லாது.

பயம் குறைந்தது. வெட்கம் வந்தது.

இந்த ஆராய்ச்சிக்கு வம்சாவளிப் படம் போடுவார்கள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். நோய் உள்ளவருக்குக் கறுப்பு. ரத்தம் கொடுப்பது சுலபம் சார். ‘ஆமாம், இது என் தம்பி’ என்று அந்தக் கறுப்புக் கட்டத்தைக் காட்ட ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் துணிந்திருக்கிறார். நாங்கள் அதை ரப்பர் வைத்து அழித்தோம்.

மனைவியிடம் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “வியாதிக்காகக் கோபம் இல்லை. லீவு கிடைக்கலைன்னு சொன்னீங்களே, அதுக்குத்தான்” என்றாள். அடுத்த செக்கப்பில் டாக்டரம்மாவிடம் அவளே சொன்னாள். டாக்டரம்மா சாதாரணமாக எழுதிக்கொண்டு, “ஒழுங்கா மாத்திரை சாப்பிடறாரா?” என்று மட்டும் கேட்டார்.

விடுபட்ட என்ட்ரியைப் பிறகு சேர்ப்பதற்கு அக்கவுன்டன்ஸியில் வழி உண்டு. குழந்தைக்குப் பேர் வைத்த அன்று சித்தப்பா முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் தயங்கிவிட்டுக் கேட்டார்.

“மாத்திரை போட்டுட்டேன்டா. குழந்தையைத் தூக்கலாமா?”

மனைவிதான் எடுத்துக் கொடுத்தாள்.