பீட்டில்ஸா, குயீனா, ஜமாப்பா? ‘துடி’யைப் பெயரில் சுமக்கும் ஊரில் ஓயாத ஒரு வாக்குவாதம்!

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் சாலையில் வடக்கே சுமார் 10 கிலோமீட்டர். கவுண்டம்பாளையம், ஜி.என். மில்ஸ் தாண்டினால் துடியலூர். ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு இது ஜன்னலோரம் கடந்துபோகும் ஒரு பெயர்ப்பலகை. கோவைக்காரர்களுக்கு டியூகாஸ் கூட்டுறவுச் சங்கம் இருக்கும் ஊர். 2011-இல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு, ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பலவும் வீட்டுமனைகளாகிவிட்டன. மேற்கே திரும்பினால் மட்டும் மலை இன்னும் அப்படியே நிற்கிறது.

ஆனால், இந்த ஊரின் பெயரை ஒருமுறை நிறுத்திப் படித்துப் பாருங்கள். துடி! இடை சிறுத்து, இரு பக்கமும் தோல் போர்த்திய சிறு பறைக்குத்தான் துடி என்று பெயர். இன்றைய உடுக்கையின் நெருங்கிய உறவு. சங்க இலக்கியத்தில் பாலை நிலத்துக்கு உரிய பறை இது. ஆநிரை கவரப் போகும் வீரர்களுக்கு வேகம் ஏற்றியது இதன் ஒலி. துடி வாசித்தவர்களைத் துடியர் என்றார்கள். புறநானூற்றில் மாங்குடி கிழார் நான்கு குடிகளைச் சிறப்பித்துச் சொல்கிறார். அந்த நான்கில் துடியனும் ஒருவன்.

ஊர்ப் பெயருக்கு வேறு விளக்கங்கள் சொல்பவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும், பெயரிலேயே ஒரு தாளவாத்தியத்தைச் சுமக்கும் ஊரில், ‘உலகத்திலேயே பெரிய பேண்ட் எது?’ என்று விவாதம் நடந்தால் அது பொருத்தம்தானே?

பப்ஸ், டீ, பிங்க் ஃப்ளாய்ட்!

கோவையில் பேக்கரி என்பது கேக் வாங்கும் கடை மட்டுமல்ல. டீக்கடையும் அதுதான், நண்பர்களின் சட்டசபையும் அதுதான். துடியலூரைச் சுற்றி வட்டமலைப்பாளையம் பக்கம் கல்லூரி, சரவணம்பட்டி பக்கம் ஐ.டி. கம்பெனிகள். மாலை ஆறு மணிக்கு மேல் மேட்டுப்பாளையம் சாலை பேக்கரிகளில் தேங்காய் பன்னும் வெஜ் பப்ஸும் தீர்ந்துகொண்டே இருக்கும். கிரிக்கெட், சினிமா, ‘ராஜாவா, ரஹ்மானா’ எல்லாம் முடிந்த பிறகு, கிடார் கற்றுக்கொள்ளும் ஒருவர் கூட்டத்தில் இருந்தால் போதும். பேச்சு ராக் பக்கம் திரும்பிவிடும்.

இந்த வாக்குவாதத்தில் ஒவ்வொரு கட்சிக்கும் கையில் வலுவான சீட்டு இருக்கிறது.

பீட்டில்ஸ் கட்சிக்கு, குறைந்த காலத்தில் நடந்த பெரிய மாற்றமே சாட்சி. லிவர்பூலில் 1960-இல் உருவான குழு, 1970-இல் பிரிந்துவிட்டது. அந்தப் பத்து ஆண்டுகளுக்குள், பாட்டு எழுதுவது, பதிவு செய்வது, ஆல்பம் என்பதையே ஒரு படைப்பாகப் பார்ப்பது என எல்லாமே மாறிவிட்டன. போதாக்குறைக்கு இந்தியத் தொடர்பும் உண்டு. ஜார்ஜ் ஹாரிசன் ரவிசங்கரிடம் சிதார் கற்றார். 1968-இல் நால்வரும் ரிஷிகேஷுக்கே வந்து தங்கினார்கள்.

ரோலிங் ஸ்டோன்ஸ் ரசிகர்களுக்கு, நீடித்து நிற்பதுதான் பெருமை. 1962-இல் தொடங்கிய குழு, 2003 ஏப்ரலில் பெங்களூருக்கே வந்து வாசித்தது. ‘பத்து வருஷத்துல பிரிஞ்சுபோனவங்க எங்க, இவங்க எங்க மாப்ள?’ என்பார்கள்.

லெட் ஸெப்லின் ஆட்கள் டிரம்மர் ஜான் பான்ஹமை முன்னிறுத்துவார்கள். 1980-இல் அவர் இறந்ததும், இன்னொருவரை வைத்து ஓட்ட மனமில்லாமல் குழுவையே கலைத்துவிட்டார்கள். பிங்க் ஃப்ளாய்ட் ஆட்கள் கணக்குக் காட்டுவார்கள். 1973-இல் வந்த ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’, அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் மொத்தம் 700 வாரங்களுக்கும் மேல் இருந்தது.

குயீன் ரசிகர்களுக்கோ ஒரே தேதி போதும்: 1985 ஜூலை 13. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த ‘லைவ் எய்ட்’ நிகழ்ச்சியில் சுமார் 20 நிமிடம்தான் வாசித்தார்கள். ராக் வரலாற்றின் மிகச்சிறந்த மேடை நிகழ்ச்சி அதுதான் என்று இன்றும் வாதாடுபவர்கள் ஏராளம். மேடையில் நின்ற ஃப்ரெடி மெர்குரியின் இயற்பெயர் ஃபரோக் பல்சாரா. பார்சி குடும்பம், ஸான்ஸிபாரில் பிறப்பு, படித்தது மகாராஷ்டிராவின் பஞ்சகனியில். பள்ளி நண்பர்களோடு ‘தி ஹெக்டிக்ஸ்’ என்ற முதல் குழுவில் அவர் வாசித்ததும் அங்கேதான். ‘அப்போ குயீன்ல பாதி நம்ம பேண்ட்’ என்ற வாதம் விழும்போது, மேசையில் கொஞ்சம் கைதட்டலும் விழும்.

எல்லாம் சரி. ஆனால் கவனித்துப் பாருங்கள். ஒருவர் விற்பனையை அளக்கிறார். இன்னொருவர் வயதை அளக்கிறார். வேறொருவர் ஒரே ஒரு மாலைப்பொழுதை அளக்கிறார். அளவுகோலே வேறு வேறாக இருக்கும்போது, ஜெயித்தவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

அட்டையில் இல்லாத பெயர்கள்

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பட்டியலில் இருக்கும் பெரிய பெயர்களைச் சுரண்டினால், அடியில் பட்டியலுக்கே வராத பெயர்கள் தெரிகின்றன.

ரோலிங் ஸ்டோன்ஸ் தங்கள் பெயரை எடுத்தது, அமெரிக்கக் கறுப்பின ப்ளூஸ் கலைஞர் மட்டி வாட்டர்ஸின் பாடலிலிருந்து. பிங்க் ஃப்ளாய்ட் என்ற பெயரே பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு ப்ளூஸ் கலைஞர்களின் பெயர்களை ஒட்டவைத்தது. லெட் ஸெப்லினின் 1969-ஆம் ஆண்டு ஹிட் பாடல் ‘ஹோல் லாட்டா லவ்’, தன் பாடலிலிருந்து எடுக்கப்பட்டது என்று ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் வழக்குப் போட வேண்டியிருந்தது. 1987-இல் சமரசம் ஆனது. இன்று அந்தப் பாடலுக்கு அவர் பெயரும் சேர்ந்துதான் வருகிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை பீட்டில்ஸுடையது. 1967-இல் வந்த ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பத்தை, உலகின் மிகச்சிறந்த ஆல்பம் என்று பலமுறை தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதில் ‘விதின் யூ விதவுட் யூ’ என்ற பாடலில் ஜார்ஜ் ஹாரிசனைத் தவிர மற்ற மூன்று பீட்டில்ஸும் வாசிக்கவே இல்லை. தபலாவும் தில்ருபாவும் வாசித்தவர்கள் லண்டனில் வாழ்ந்த இந்தியக் கலைஞர்கள். ஆல்பத்தின் அட்டையில் அவர்கள் பெயர் இல்லை. தபலா வாசித்த நட்வர் சோனி உள்ளிட்டவர்கள் யார் என்பது வெளியே தெரிய, ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஆயின.

உலகின் மிகச்சிறந்த பேண்டின் மிகச்சிறந்த ஆல்பம். அதில் தாளம் போட்ட கைக்குப் பெயர் இல்லை. துடியலூரிலிருந்து பார்த்தால் இது தூரத்துக் கதையாகத் தெரியவில்லை. துடி ஊர்ப் பெயரில் இருக்கிறது. அதை அடித்தவர்கள் பெயர் எங்கே?

மைக் இல்லாத கச்சேரி

மேட்டுப்பாளையம் சாலையில் திருவிழாக் காலத்தில் பயணம் செய்தால், அந்தக் கேள்விக்கு உயிரோடு ஒரு பதில் எதிரே வரும்.

கொங்குப் பகுதியின் மாரியம்மன் கோயில்களில் நோன்பு சாட்டியதும் கம்பம் நடுவார்கள். இரவானால் ஊர் இளைஞர்கள் பறையடிக்கு ஏற்ப அந்தக் கம்பத்தைச் சுற்றி ஆடுவார்கள். மெதுவாகத் தொடங்கும் அடி, ஆட்டம் சூடுபிடிக்கப் பிடிக்க ஏறிக்கொண்டே போகும். காரமடை அரங்கநாதர் கோயிலில் மாசி மகத் தேரோட்டத்தின்போது பந்த சேவை, தண்ணீர் சேவை என்று பக்தர்கள் ஆடி வருவார்கள். தீப்பந்தம் ஏந்திய கைகளும் மேளச் சத்தமும் சேர்ந்து ஊரையே நிறைக்கும்.

இவற்றோடு இன்றைய இளைஞர்களின் செல்லப்பிள்ளையாக இருப்பது ஜமாப். பெரிய மேளங்களைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு குழுவே ஒரே அடியில் இறங்கும் கூட்டு வாசிப்பு. கல்யாண ஊர்வலம், கோயில் சீர், காதுகுத்து எதுவானாலும் ‘ஜமாப் யாரு?’ என்பதுதான் முதல் கேள்வி. அங்கேயும் அதே வாக்குவாதம் உண்டு. எந்த ஊர் குழுவின் அடி சுத்தம், யாருக்கு வேகம் அதிகம், யார் வந்தால் கூட்டம் கலையாது! பீட்டில்ஸுக்கும் ஸ்டோன்ஸுக்கும் நடக்கும் சண்டைக்கு இது கொஞ்சமும் இளைத்ததல்ல.

‘அந்த வெள்ளக்காரங்க நல்லாத்தான் வாசிக்கறாங்க கண்ணு. தோள்ல மேளத்தப் போட்டு நாலு மணி நேரம் நடந்துட்டே வாசிப்பாங்களா, கேட்டுச் சொல்லு’ என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்டால், பேக்கரி மேசையில் யாரிடமும் பதில் இருக்காது. அதுவும் ஓர் அளவுகோல்தானே? ஒலிபெருக்கி இல்லை, மேடை இல்லை, ஒத்திகைக்கு ஸ்டூடியோ இல்லை. எதிரே ஆடுகிறவரின் கால்தான் நோட்டேஷன்.

ஆனால் திருவிழா நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். உபயதாரர்கள் பெயர் வரிசையாக இருக்கும். விழாக் குழுவினர் பெயர் இருக்கும். வாத்தியத்துக்கு வரும்போது பெரும்பாலும் ஒரே வரிதான்: ‘மேளதாளம் முழங்க.’ முழக்கியது யார் என்று இருக்காது.

இதன் பின்னால் கலை மட்டும் இல்லை, சாதியும் இருக்கிறது. பறை வாசிப்பது பல தலைமுறைகளாக ஒடுக்கப்பட்ட மக்கள் மீது சுமத்தப்பட்ட கடமையாக இருந்தது. சாவு வீட்டுக்குக் கூப்பிடுவார்கள், ஆனால் மேடையில் ஏற்ற மாட்டார்கள். வாத்தியத்துக்கு ஊர்ப் பெயரில் கிடைத்த இடம், வாசித்தவருக்கு ஊரில் கிடைக்கவில்லை.

பெயர் வரத் தொடங்கிவிட்டது

நிலைமை மெல்ல மாறுகிறது என்பதுதான் நல்ல செய்தி. சென்னையில் 2018 ஜனவரியில் முதல் முறையாக மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, ராக், ராப், கானா எல்லாவற்றுக்கும் நடுவில் பறையை நிறுத்தியது. இயக்குநர் பா.இரஞ்சித் முன்னெடுத்த அந்தக் குழுவில் எலெக்ட்ரிக் கிடாரும் பறையும் ஒரே மேடையில், ஒரே மரியாதையோடு ஒலித்தன. மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

அதற்கு முந்தைய ஆண்டு, துடியலூரைத் தாண்டிச் செல்லும் இதே சாலையின் மேட்டுப்பாளையம் பக்கத்துக்கும் ஒரு பத்மஸ்ரீ வந்தது. வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பனுக்கு அந்த விருது அறிவிக்கப்பட்டபோது வயது 87. ஆண்கள் ஆடிவந்த கலையைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் என்பது அவருடைய தனிப் பெருமை. இன்று கொங்கு ஊர்களில் ஒரே நிறச் சேலை உடுத்தி, வட்டமாக நின்று அம்முணிகளும் அம்மாக்களும் பாட்டிகளும் கும்மியடிக்கும் காட்சி சாதாரணமாகிவிட்டது.

சரி, உலகின் தலைசிறந்த பேண்ட் எது? மேட்டுப்பாளையம் சாலை பேக்கரிகள் இதை முடித்துவைக்கப் போவதில்லை. முடித்துவைத்தால் நாளை மாலை பேச என்ன இருக்கும்? ஆனால் துடியலூர் என்ற பெயர் அந்த விவாதத்தோடு ஒரு சின்ன வேலையையும் சேர்த்துத் தருகிறது. அடுத்த முறை உங்கள் தெருவில் ஒரு ஜமாப் குழு வந்தால், வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதற்கு முன் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். முன்னால் நின்று அடிப்பவரிடம், ‘உங்க பேருங்க அண்ணா?’ என்று கேளுங்கள். வீடியோவின் கீழே அந்தப் பெயரைப் போடுங்கள். நட்வர் சோனிக்கு 50 ஆண்டுகள் தேவைப்பட்டது. இவருக்கு அவ்வளவு நாள் எடுக்க வேண்டியதில்லை.

போகலாமா துடியலூர்?

எப்படிப் போவது: கோவை காந்திபுரத்திலிருந்தும், மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள பேருந்து நிலையத்திலிருந்தும் பஸ்கள் உண்டு. கோவை – மேட்டுப்பாளையம் ரயில் பாதையில் துடியலூருக்குத் தனி ரயில் நிலையமும் இருக்கிறது.

என்ன பார்ப்பது: வடமதுரை விருந்தீஸ்வரர் கோயில். சுந்தரருக்குச் சிவபெருமான் விருந்து படைத்த தலம் என்பது ஐதீகம். இதே சாலையில் வடக்கே போனால் காரமடை அரங்கநாதர் கோயில்.

எப்போது போவது: மாசி மாதம் காரமடைத் தேர். மாரியம்மன் நோன்பு ஊருக்கு ஊர் தேதி மாறும். கம்பம் நட்டுவிட்டார்களா என்று விசாரித்துவிட்டு, இரவில் போங்கள்.

உங்கள் ஊரில் சிறந்த ஜமாப், பறை, உறுமிக் குழு எது? அதில் வாசிப்பவர் யார்? கமென்ட்டில் அவர் பெயரோடு சொல்லுங்கள்!