விரல்தான் சொல்லணும்!

திருச்சியில் தஞ்சாவூர் பஸ் பிடித்தால் வழியில் துவாக்குடி. 1960-களில் பக்கத்தில் 'பெல்' பாய்லர் ஆலை வந்த பிறகு, வெல்டிங் பட்டறைகள் பெருகிய ஏரியா. தெருவில் நடந்தாலே கிரைண்டர் சத்தத்தில் பல் கூசும்!

ஒரு பட்டறையில் எவர்சில்வர் பால் தொட்டிக்கு வெளியே இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. பதறிப்போனேன்.

"உசுரோடதான் சார் இருக்கேன்" என்றபடி வெளியே வந்தார் பெரியவர். கையில் பென்சில் கிரைண்டர். உள்மூலையில் பெரிய சக்கரம் நுழையாதாம். முதலில் 'பர்' வைத்து வெல்டிங் மேட்டைச் செதுக்கி, அப்புறம் ஃபிளாப் வீல், கடைசியில் விரலில் எமெரி சுற்றித் தேய்ப்பு. இரும்பில் ஓட்டிய சக்கரத்தை இதில் வைக்கவே கூடாது. இரும்புத் தூள் ஒட்டினால், பிற்பாடு துருப்பிடித்துப் பல்லிளிக்கும்.

"உள்ளேதானே, யார் பார்க்கப் போறாங்க?" என்றேன்.

"பால் பார்க்கும் சார்! சொரசொரப்பா விட்டா அங்கேயே தங்கிப் புளிச்சுடும். அதிகமா தேய்ச்சா தகடு மெலிஞ்சுடும். கண்ணுக்கு எட்டாத இடம்... விரல்தான் சொல்லணும்."

விரலைக் காட்டினார். ரேகையே இல்லை.

"இதைத்தான் ரேஷன் கடை மிஷின் 'யாருன்னே தெரியலை'ங்குது" என்று சிரித்துவிட்டு, மறுபடி தொட்டிக்குள் தலையை விட்டார்.