அபாய மணி

நமுனுகுல மலைச்சாரலிலே, ஏழு பேர்ச்சஸ் காணியில் அமைந்த புதிய வீடொன்றுக்கு நாங்கள் குடிபெயர்ந்து சில ஆண்டுகளாகின்றன. லயத்துக் காம்பராவில் மூன்று தலைமுறைகளைக் கழித்த குடும்பமொன்றுக்குத் தனக்கென ஒரு மலசலகூடம் வாய்த்தமை சிறிய செய்தியன்று.

எனினும், சரிவில் அமைந்த வீடுகளுக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. மேல்வீட்டு மலக்குழி நிரம்பி வழிந்தால், அது கீழ்வீட்டு முற்றத்தையும் அதற்கப்பாலுள்ள பீலியையும் சென்றடையும். ஐப்பசி தொடங்கித் தை வரை ஊவாவில் மழை மிகும். நனைந்த நிலம் மேலும் நீரை உறிஞ்சாது. இதனையுணர்ந்த மாமா, கொழும்பிலே மின்னிணைப்பு வேலை செய்பவர், குழியினுள் மிதவை ஆளியொன்றையும் சமையலறையில் அபாய மணியொன்றையும் பொருத்திச் சென்றார். நீர்மட்டம் உயர மிதவை உயரும், ஆளி மூடும், மணி ஒலிக்கும்.

கார்த்திகை விடுமுறையில் ஒருநாள் நள்ளிரவில் மணி ஒலித்தது. மூடியிலுள்ள துவாரத்தினூடாக மூங்கிற்கம்பை இறக்கி ஆழம் பார்த்தோம். நீர்மட்டம் தாழ்ந்தே இருந்தது. அடுத்த இரு இரவுகளிலும் அவ்வாறே நிகழ, அப்பா மணியை அணைத்துவிட்டார். வீட்டார் நிம்மதியாக உறங்கினர். எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் மாவட்டத்திலே, கொஸ்லாந்தை மீரியபெத்தையில், 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி லயங்களை மண் மூடியது. அங்கேயும் எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது.

மறுநாட் காலை, மிதவை பழுதாகியிருக்கும் என எண்ணிய அப்பா, குழியில் இறங்கிப் பார்க்க முனைந்தார். அப்பாயி அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

"ஒங்கப்பன் எறங்குனது போதும். நீ எறங்காத."

தாத்தா தோட்டத்தில் வாசல்கூட்டியாக இருந்தவர். லயத்துக் கான்களையும் மலசலகூடங்களையும் துப்புரவு செய்தவர். எங்கள் வீட்டில் எவரும் அதனை உரத்துச் சொன்னதில்லை. பல்கலைக்கழகத்தில் நானும் சொன்னதில்லை.

அப்பாயியின் அச்சம் நியாயமானதே. மலக்குழியில் உண்டாகும் ஐதரசன் சல்பைட்டு, செறிவு மிகும்போது முகரும் உணர்வையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் நீங்கிவிட்டதென்று நம்பி இறங்குபவன் மூச்சடங்கி வீழ்வான். அவனைக் காக்க இறங்குபவனும் உடன் வீழ்வான்.

தொலைபேசியில் மாமா வழிகாட்டினார். ஒவ்வொரு முறையும் பிரதான ஆளியை அணைத்த பின்னரே கம்பிகளைத் தொட்டோம். முதலில் மணிப்பெட்டியிலிருந்து குழிக்குச் செல்லும் இரு கம்பிகளையும் கழற்றி, மீண்டும் மின் கொடுத்தோம். மணி ஒலிக்கவில்லை, ஆகவே பெட்டியில் பழுதில்லை. அவற்றை மறுபடி பூட்டிவிட்டு, குழியருகே நிலமட்டத்திலிருந்த இணைப்புப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே மழைநீர் தேங்கியிருந்தது. செம்பிலே பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. "கண்டதை உடனே நம்பிவிடாதே" என்றார் மாமா. மிதவையின் கம்பிகளை மட்டும் கழற்றிப் பார்த்தோம். மணி அப்போதும் ஒலித்தது. மிதவையைக் குறைகூற இடமில்லை. இரு கம்பிகளுக்கும் இடையே படிந்த ஈரமே மூடிய ஆளியின் வேலையைச் செய்திருந்தது.

குழியில் எவரும் இறங்க நேரவில்லை. களிம்பேறிய முனைகளை வெட்டி, புதிய இணைப்பிகளைப் பூட்டி, பெட்டியை இறவாணத்தின் கீழே சுவரில் உயர்த்தி, கம்பிகள் அடிப்புறத்தால் நுழையுமாறு அமைத்தோம்.

"ஈரம் புகுந்தால் மணி பொய்யாக ஒலிக்கும். கம்பி அறுந்தால் நிரம்பினாலும் ஒலிக்காது. இரண்டாவதற்கே அதிகம் பயப்பட வேண்டும்" என்றார் மாமா.

ஆகையால் மாதந்தோறும் கொக்கி பூட்டிய நீண்ட கம்பினால், குழியின் மேலே முகத்தை நீட்டாமல், மிதவையை உயர்த்திப் பார்க்கின்றோம். மணி ஒலிக்கின்றது. "நல்லா கேக்குது" என்று சமையலறையிலிருந்து அப்பாயி குரல்கொடுப்பார்.

தாத்தாவின் தொழிலை இம்மலரில் எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "எழுது" என்றார்.