ஏபியா, பிசியா?

அமெரிக்கப் பள்ளிகளில் அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வுப் படிவம் பெரும்பாலும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் வரும். பதினோராம் வகுப்புப் பிள்ளை இருக்கும் தமிழ் வீடுகளில் அந்த வாரம் முழுக்க ஒரே பேச்சுதான்: கால்குலஸ் ஏபியா, பிசியா? நியூ ஜெர்சியில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் வார இறுதியில் கணக்கு நோட்டோடு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அதனால் அவர்களுடைய பெற்றோர் இந்தக் கேள்வியை என்னிடமும் கேட்பார்கள். பெரும்பாலும் முடிவு செய்துவிட்டுத்தான் கேட்பார்கள். "பிசிதானே பெரிசு? அதையே போட்டுடலாம்ல?"

அவர்கள் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. நாங்கள் தமிழ்நாட்டில் பிளஸ் டூ படித்தபோது கணக்கில் தேர்ந்தெடுக்க எதுவுமே இல்லை. கணிதப் பிரிவில் சேர்ந்த எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே வினாத்தாள். வகை நுண்கணிதமும் தொகை நுண்கணிதமும் எல்லோருக்கும் பொது. மதிப்பெண்ணில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். அப்படிப் படித்து வந்தவர்களிடம் இரண்டு வகுப்புகளைக் காட்டி ஒன்றை எடுக்கச் சொன்னால், அது தரவரிசையாகத்தான் கண்ணில் படும்.

பள்ளியிலேயே கல்லூரிப் பாடம் படித்து மே மாதத்தில் தேர்வெழுதும், காலேஜ் போர்டின் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் திட்டத்தில் கால்குலஸ் 1969இல் ஏபி, பிசி என்று இரண்டாகப் பிரிந்தது. இன்றைய பாடத்திட்டத்தில் ஏபிக்கு 8 அலகுகள், பிசிக்கு 10. எல்லை, வகையீடு, தொகையீடு ஆகியவை இரண்டுக்கும் பொது. பிசியில் பகுதித் தொகையிடல், துருவ ஆயங்கள், துணையலகுச் சமன்பாடுகள், முடிவிலித் தொடர்கள் கூடுதலாக வரும். ஏபி கல்லூரியின் முதல் பருவக் கால்குலஸுக்கு ஈடு. பிசி இரண்டு பருவங்களுக்கு ஈடு. பொதுவான பகுதி பிசியில் கடினமாகிவிடுவதில்லை, வேகமாக ஓடுகிறது.

எவ்வளவு வேகம் என்பது பள்ளியைப் பொறுத்தது. சில பள்ளிகளில் ஏபி முடித்தவர்கள்தான் மறு ஆண்டு பிசிக்குப் போகலாம். வேறு சில பள்ளிகளில் ப்ரீகால்குலஸ் முடித்த கையோடு நேரே பிசி. பெயர் ஒன்றானாலும் இரண்டும் ஒரே வகுப்பு ஆகாது. பெற்றோர் முதலில் கேட்டறிய வேண்டியது இதைத்தான். ஆனால் அதிகம் பேசப்படுவது வேறொரு புள்ளிவிவரம்: பிசி எழுதுகிறவர்களில் அண்மை ஆண்டுகளில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் உச்ச மதிப்பெண்ணான 5 வாங்குகிறார்கள், ஏபியில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். இதை வைத்து பிசிதான் சுலபம் என்று வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்கில் ஏற்கெனவே ஊறிய பிள்ளைகளே பெரும்பாலும் பிசிக்குப் போகிறார்கள், அதனால் அங்கே 5 அதிகம். உங்கள் பிள்ளை என்ன வாங்குவாள் என்பதை அந்த எண் சொல்லாது.

பிள்ளைகள் தடுமாறுவது எங்கே என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். கூம்பு வடிவத் தொட்டியில் தண்ணீர் விழுகிறது; ஆழம் இத்தனை அடி இருக்கும்போது நீர்மட்டம் எவ்வளவு வேகமாக ஏறும்? இது எல்லாக் கால்குலஸ் புத்தகத்திலும் உள்ள கணக்கு. இதில் கால்குலஸ் ஒரே ஒரு வரிதான். அதற்கு முன்னால், கூம்பின் கன அளவில் இருக்கும் ஆரத்தை உயரத்தின் வழியாக எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கு வடிவொத்த முக்கோணங்கள் தெரிந்தால் போதும். அது ஒன்பதாவதிலோ பத்தாவதிலோ படித்த பாடம். அந்த இடத்தில்தான் பென்சில் நிற்கிறது. வகையிடச் சொன்னால் நொடியில் வகையிடுகிற பிள்ளை, பின்னத்தைச் சுருக்கும்போது தவறுகிறது. மடக்கை விதியைக் கலைத்துப் போடுகிறது. கால்குலஸ் வரவில்லை என்று வீட்டில் சொல்லப்படுவதில் பெரும்பகுதி இயற்கணிதம் சரியாக வராததுதான். அதைப் பிசியின் ஓட்டத்தில் நின்று சரிசெய்ய நேரம் கிடைக்காது. ஏபியில் கிடைக்கும்.

பிசியில் மட்டும் வரும் முடிவிலித் தொடர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1 + 1/2 + 1/3 + 1/4 என்று கூட்டிக்கொண்டே போனால், உறுப்புகள் சிறுத்துக்கொண்டே வந்தாலும் கூட்டுத்தொகை எந்த எல்லையிலும் நிற்பதில்லை. கீழே இருக்கும் எண்களை வர்க்கமாக்கி 1 + 1/4 + 1/9 என்று கூட்டினால், அது பையின் (π) வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்குக்குப் போய்ச் சேர்கிறது. இதைக் கேட்டு வாயடைத்துப் போய் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருக்க ஒரு பிள்ளைக்கு நேரம் இருந்தால், பிசி அந்தப் பிள்ளைக்காகவே இருக்கிறது. நேரம் இல்லாவிட்டால் விகிதச் சோதனை, ஒப்பீட்டுச் சோதனை என்று சோதனைகளின் பெயர்ப் பட்டியல்தான் மனப்பாடமாகும். மே மாதத் தேர்வுக்கு அது உதவலாம். கல்லூரியில் மூன்றாம் கால்குலஸ் வகுப்பில் உட்காரும்போது உதவாது.

ஏபி என்றாலே குறைவு என்பவர்களுக்கு ஒரு கதை உண்டு. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் ஹைமே எஸ்கலான்டே கற்பித்த கதை 'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்' என்று 1988இல் படமாக வந்தது. 1982இல் அவருடைய 18 மாணவர்கள் தேர்வில் வென்றார்கள். அவர்களில் 14 பேர் காப்பியடித்ததாகச் சந்தேகம் எழுந்து, 12 பேர் மறுபடி எழுதி, 12 பேரும் தேறினார்கள். அவர்கள் எழுதியது ஏபி. படத்தில் எல்லாம் மளமளவென்று நடந்துவிடும். எஸ்கலான்டே அந்தப் பள்ளியில் சேர்ந்தது 1974இல். அந்த வெற்றிக்கு அடியில், கீழ் வகுப்புகளின் இயற்கணிதத்திலிருந்து பல ஆண்டுகள் போட்ட உழைப்பு இருந்தது. ஏபியைக் குறைவாக நினைக்கும் ஒவ்வொரு பெற்றோரிடமும் இதை நான் சொல்லத் தவறுவதில்லை.

கல்லூரியில் எது செல்லுபடியாகும் என்ற கவலையும் நியாயமானது. எம்ஐடி போன்ற இடத்தில் பிசியில் 5 வாங்கினால் முதல் பருவக் கால்குலஸுக்கு ஈடாக ஏற்கிறார்கள், ஏபியை ஏற்பதில்லை. பொறியியலோ இயற்பியலோ மனத்தில் இருந்து, இயற்கணிதமும் கைவசம் இருக்கும் பிள்ளையைப் பயமுறுத்தி ஏபியில் உட்கார வைப்பதும் அநியாயம்தான். "ஏபியே போதும் அங்கிள்" என்று தயங்கிய ஒரு பெண்ணின் ப்ரீகால்குலஸ் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அடித்தல் திருத்தலோடு, விடாமல், தானே யோசித்துப் போட்ட கணக்குகள். பிசிக்குப் போம்மா என்றேன். போனாள், நன்றாகவே படித்தாள்.

ஆகவே படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் பக்கத்து வீட்டில் விசாரிக்க வேண்டாம். உங்கள் பிள்ளையின் ப்ரீகால்குலஸ் நோட்டை அவளுடனேயே உட்கார்ந்து பாருங்கள். அவளுடைய கணக்கு ஆசிரியரிடம் போய் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தப் பள்ளியில் பிசி எங்கிருந்து தொடங்குகிறது? தெரியாத கணக்கு ஒன்று வந்தால் இவள் எவ்வளவு நேரம் அதோடு மல்லுக்கட்டுகிறாள்? பிறகு கடைசி முடிவை அவளிடம் விடுங்கள்.