சாப்பிடுவதா, குடிப்பதா?

மாலை ஆறு மணிக்கு பெஹாலா சௌரஸ்தாவில் டைமண்ட் ஹார்பர் சாலையைக் கடப்பது ஒரு சாகசம்தான். தலைக்கு மேலே மெட்ரோ ரயில் ஓடுகிறது. 2022 டிசம்பரில் ஜோகாவிலிருந்து தாராதலா வரை துவங்கி, 2024 மார்ச்சில் மாஜேர்ஹாட்டை எட்டிய தடம். கீழே மினி பஸ், ஆட்டோ, சைக்கிள் ரிக்‌ஷா எல்லாம் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்கின்றன. இந்தக் களேபரத்திலும் ஒரு வாசனை மூக்கைத் தேடி வந்துவிடுகிறது: காய்ந்த எண்ணெயில் வெங்காயமும் சோயா சாஸும். பெஹாலாவுக்குச் சிற்றுண்டி வேளை வந்துவிட்டது.

மயிலாப்பூருக்கு பஜ்ஜி எப்படியோ, பெஹாலாவுக்கு சாவ்மின் அப்படி. நூடுல்ஸ் என்று சொன்னாலும் புரியும். ஆனால் கடைப்பலகையில் இருப்பது சாவ்மின்தான்.

பேட்டையின் காபி கடைகள் பெரும்பாலும் சந்துமுனையில் ஆறேழு மேசைகளோடு அடங்கிவிடுகின்றன. காபி என்பது பெயரளவில்தான். டிகாஷனுக்குப் பழகிய தமிழ் நாக்கு, சர்க்கரை தூக்கலாக நுரைத்து வரும் இந்தத் தூள் காபியிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. கடை ஓடுவது சாவ்மினாலும் சூப்பாலும், பிறகு மணிக்கணக்கில் நீளும் 'அட்டா' எனும் வங்காள அரட்டையாலும். டியூஷன் முடித்த மாணவர்கள் ஒரு ஹாஃப் பிளேட்டை இரண்டு முட்கரண்டிகளால் பங்கிடுகிறார்கள். அலுவலகம் விட்டு வந்தவர்கள் வீட்டுக்குப் பொட்டலம் கட்டச் சொல்கிறார்கள்.

செய்முறையில் ரகசியம் இல்லை. பிற்பகலிலேயே வேகவைத்து, எண்ணெய் தடவி, ஆறவைத்த நூடுல்ஸ் குவியல் தயாராக இருக்கிறது. முட்டையை உடைத்துக் கலக்கி, முட்டைக்கோஸ், காரட், வெங்காயம் போட்டு, அடுப்பின் முழு வேகத்தில் நூடுல்ஸைப் புரட்டுகிறார் சமையற்காரர். இரண்டே நிமிடம். அடி லேசாகக் கருகிய ஒரு பிடியாவது தட்டில் இருக்க வேண்டும், அதுதான் ருசி. மேலே பச்சை வெங்காயமும் வெள்ளரித் துண்டும். பக்கத்தில் பச்சை மிளகாய் சாஸ், மிளகாய் ஊறிய வினிகர்.

சூப் விஷயத்தில் கொஞ்சம் கறார் தேவை. ஸ்வீட் கார்ன் சூப்பில் மக்காச்சோள மாவை அள்ளிப் போட்டுப் பசையாக்கிவிடுகிறார்கள். ஹாட் அண்ட் சவர் தேவலை. மழை நாளில் கேட்க வேண்டியது துக்பா. எலும்பு வேகவைத்த நீர், நூடுல்ஸ், காய்கறி, கோழித் துண்டுகள் எல்லாம் ஒரே கிண்ணத்தில் வரும் திபெத்திய உணவு. டார்ஜிலிங் மலையிலிருந்து மோமோவுடன் சமவெளிக்கு இறங்கி வந்தது. தமிழருக்கு இங்கே இலக்கணச் சிக்கல்: துக்பாவைச் சாப்பிடுவதா, குடிப்பதா? வங்காளிக்கு அந்தக் கவலை இல்லை. அவர் தண்ணீரையும் 'சாப்பிடுகிறார்', தேநீரையும் சாப்பிடுகிறார், சிகரெட்டைக்கூட. எல்லாவற்றுக்கும் ஒரே வினைச்சொல்.

இத்தனையையும் வங்காளத்துக்குக் கொண்டுவந்தவர்களின் கதை பெஹாலாவுக்கு அப்படியொன்றும் தூரமில்லை. பேட்டைக்கு மேற்கே செல்லும் சாலை பஜ்பஜைக் கடந்தால் ஹூக்ளிக் கரையில் அச்சிப்பூர். வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் அங்கே நிலம் பெற்றுக் கரும்பு பயிரிட்டு, சர்க்கரை ஆலை வைத்தவர் டாங் அச்சியூ என்ற சீனர். ஊருக்கே அவர் பெயர்தான். நம் 'சீனி'க்கும் வங்காளிகளின் 'சினி'க்கும் அவரே காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. சொல் அவருக்கு வெகுகாலம் முந்தையது. ஆலை நிலைக்கவில்லை. குதிரை லாட வடிவில், சிவப்புப் பூச்சோடு அவர் சமாதி மட்டும் நதியைப் பார்த்தபடி நிற்கிறது.

பின்னால் வந்த சீனர்கள் நகருக்குள் குடியேறினார்கள். கான்டன் பகுதியினர் தச்சர்கள். ஹூபேக்காரர்கள் பல் வைத்தியர்கள். ஹக்கா மக்கள் செருப்புத் தைத்தார்கள், கிழக்கே டாங்ராவில் தோல் பதனிட்டார்கள். 'ஹக்கா நூடுல்ஸ்' என்று நாடு முழுதும் உணவுப் பட்டியலில் படிக்கிறோமே, அது இந்த மக்களின் பெயர். மஞ்சூரியன் தனிக் கதை: 1975இல் பம்பாயில் அதை உருவாக்கிய நெல்சன் வாங் கல்கத்தாவில் பிறந்தவர். மஞ்சூரியாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

1962 போர் இந்த வாழ்க்கையைக் கலைத்துப் போட்டது. அசாம், வடக்கு வங்கம் முதலிய பகுதிகளிலிருந்து சுமார் 3,000 இந்தியச் சீனர்கள் பிடித்துச் செல்லப்பட்டு, ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். சிலர் வெளியே வர 1967 ஆயிற்று. கல்கத்தாவில் இருந்தவர்களும் சந்தேகப் பார்வைக்குத் தப்பவில்லை. வேலை போனது, தொழில் முடங்கியது. டொரன்டோவுக்குக் குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகளை நகருக்கு வெளியே மாற்ற உத்தரவிட்டதும் டாங்ராவிலும் பலர் ஓட்டல் தொழிலுக்குத் திரும்பினார்கள். ஒரு காலத்தில் 20,000 என்று சொல்லப்பட்ட தொகை இன்று 2,000 அளவுக்குச் சுருங்கிவிட்டது என்பதே பொதுவான மதிப்பீடு. திரெட்டா பஜாரில் விடியற்காலையில் கூடும் சீனச் சிற்றுண்டிச் சந்தையில் மீன் உருண்டை சூப் இன்னும் கிடைக்கிறது, எட்டு மணிக்குள் போனால். அங்கேயும் விற்பவர்களில் சீன முகங்கள் குறைந்துவிட்டன.

பெஹாலாவின் கடைகளிலோ கரண்டி பிடிப்பவர் பெரும்பாலும் வங்காளி. அவருக்கு டாங்ரா தெரியும், தேவ்லி தெரிந்திருக்க நியாயமில்லை. பழங்கதைகள் இந்தப் பேட்டைக்குப் புதிதல்ல. 1698இல் கல்கத்தா உள்ளிட்ட மூன்று கிராமங்களின் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த சாபர்ண ராய் சௌத்ரி குடும்பத்தின் துர்கா பூஜை இங்கே பரிஷாவில் இன்றும் நடக்கிறது. ஆனால் அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது. சாவ்மினைக் கொடுத்தவர்களைப் பற்றி அட்டாவில் யாரும் எடுப்பதில்லை.

சீனப் புத்தாண்டை ஒட்டி, வழக்கமாக பிப்ரவரி வாக்கில், கொல்கத்தா சீனர்கள் வண்டி பிடித்து அச்சிப்பூர் போகிறார்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். அச்சியூவின் சமாதியில் ஊதுவத்தியும் மெழுகுவத்தியும் ஏற்றி, உணவு படைத்து, மாலைக்குள் திரும்பிவிடுகிறார்கள்.

இரவு ஒன்பதரை. காபி கடையில் நூடுல்ஸ் குவியல் தீர்ந்துவிட்டது. அடுப்பைத் துடைத்துக்கொண்டிருக்கும் பையன், தாமதமாக வந்த வாடிக்கையாளரிடம் பாத்திரத்தின் மூடியைத் திறந்து காட்டுகிறான். "சூப் காபேன்?" சூப் சாப்பிடுகிறீர்களா?