பயந்தவர் கையில் ஒரு வேலை

காசநோயாளியின் வீட்டுக்குப் போகிறவர் தெருமுனையிலேயே சில காரியங்களை முடித்துவிட வேண்டும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட வேண்டும். வண்டியை அந்த வீட்டு வாசலில் நிறுத்தாமல் நாலு வீடு தள்ளி நிறுத்த வேண்டும். மாஸ்க்கை உள்ளே போன பிறகுதான் மாட்ட வேண்டும். படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்கள், "யார் வூட்டுக்குமா?" என்று கேட்டால் தடுமாறாமல் சொல்ல ஒரு பதில் வேண்டும். 2021இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகு எனக்கு இந்தக் கஷ்டம் தீர்ந்தது. சுகர், பிரஷர் பார்க்க வீடு வீடாகப் பெண்கள் வருகிறார்கள். கேட்டால் நானும் அவர்களில் ஒருத்தி என்று சொல்லிவிடுவேன். சர்க்கரை நோயை யாரும் ஒளிப்பதில்லை. "எனக்கு முந்நூறு" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்வார்கள். காசநோயை மட்டும் கட்டின கணவனிடம்கூடச் சொல்லாமல் வைத்திருப்பார்கள்.

நான் காசநோய் சுகாதாரப் பார்வையாளர். வடசென்னையில் வேலை. வீட்டுக்குள் 'டிபி மேடம்', தெருவில் 'சிஸ்டர்'. நோயைக் கண்டுபிடிப்பது லேப். மருந்து எழுதுவது டாக்டர். அந்த மருந்து ஆறு மாதம் தவறாமல் ஒருவர் வயிற்றுக்குள் போகிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. சாதாரணக் காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று. எல்லாம் ஒரே மாத்திரைக்குள் சேர்த்தே வருகிறது. எடை 35இலிருந்து 49 கிலோவுக்குள் இருந்தால் தினம் 3 மாத்திரை. 50இலிருந்து 64க்குள் என்றால் 4. கணக்கு இவ்வளவுதான். ஆனால் இந்தக் கணக்கு நடக்கும் வீட்டில் ஒரு மாமியார் இருக்கிறார், ஒரு வீட்டுக்காரர் இருக்கிறார், ஒரு முதலாளி இருக்கிறார். தொழிலின் கஷ்டம் முழுக்க அங்கேதான்.

நோய் என்றால் ஆளைப் பிரித்து வை என்பது வெகுகாலம் மருத்துவமே சொன்னதுதான். 1928இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கியபோது இந்த நோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சாப்பாடு, வீட்டை விட்டு விலகியிருத்தல்: இவைதான் சிகிச்சை. பிறகு மருந்துகள் வந்தன. அத்தனை நோயாளிகளுக்கும் கட்டில் போட இடம் இல்லை. 1956இல் இதே சென்னையில் ஒரு ஆராய்ச்சி தொடங்கியது. 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களுக்கு அவரவர் வீட்டில் வைத்தே அதே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள். நெருக்கடியான அறைகள், மட்டமான சாப்பாடு. ஓய்வெடுக்க வழி கிடையாது. ஆனாலும் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமாகியிருந்தது. பல வருடம் தொடர்ந்து பார்த்ததில், வீட்டில் வைத்துச் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாக வரவும் இல்லை. 1959இல் முடிவுகள் வெளியானபோது உலகம் முழுக்கச் சிகிச்சை முறை மாறத் தொடங்கியது. அந்த ஆராய்ச்சி மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அந்த ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி எக்ஸ்ரேக்கள் அல்ல. ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்ததும், சிறுநீரை வாங்கிச் சோதித்ததும்தான். என் வேலை அங்கே பிறந்தது.

வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று விஞ்ஞானம் தீர்ப்பு எழுதி அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் நோயாளியின் தட்டு இன்னும் தனியாகத்தான் இருக்கிறது. டம்ளரின் விளிம்பில் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருப்பார்கள், மாறிவிடக் கூடாதென்று. நான் வந்த புதிதில் இதை அறியாமை என்று நினைத்தேன். இந்த நோய் காற்றில்தான் பரவும், தட்டிலும் துணியிலும் தொடுவதிலும் பரவாது என்று விளக்கிச் சொன்னால் தீர்ந்துவிடும் என்றுதான் எங்களுக்குச் சொல்லியும் கொடுத்தார்கள். விளக்கினால் தலையாட்டுவார்கள். அடுத்த முறை போனாலும் பொட்டு வைத்த டம்ளர் அதே ஆணியில் தொங்கும்.

போகப் போகத்தான் தெரிந்தது, ஒவ்வொருவருக்கும் பறிகொடுக்க ஒன்று இருக்கிறது. ஒரே கிணறு மாதிரி ஒரே படிக்கட்டைப் பத்துக் குடித்தனம் பங்கிடும் இடத்தில், ஒரு வீட்டில் நோய் என்று தெரிந்தால் மற்றவர்கள் காலி செய்துவிடுவார்களோ என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார். மெஸ்ஸில் காய் நறுக்கும் பெண்ணுக்கு அன்றைக்கே கணக்கு முடித்துவிடுவார்கள். கல்யாணத்துக்குப் பேசிக்கொண்டிருக்கும் பெண்ணின் அம்மா, மாத்திரையை வைட்டமின் டப்பாவில் மாற்றிப் போட்டு வைக்கிறார். இவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. தங்கள் நஷ்டத்தைச் சரியாகவே கணக்குப் போட்டிருக்கிறார்கள். மண்டையோடு போட்ட போஸ்டரால் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. அது பயத்தை இன்னும் ஒரு படி ஏற்றும்.

அதனால் இப்போது தட்டைப் பற்றி வாதாடுவதை விட்டுவிட்டேன். முதல் முறை வீட்டுக்குள் போனதும் நோயாளியை விடுத்து, அந்த வீட்டில் அதிகம் பயந்திருப்பவர் யார் என்று தேடுவேன். அது பெரும்பாலும் சிரமமில்லை. வாசலுக்கு அருகில் நிற்பார். முந்தானையால் மூக்கை மூடியிருப்பார். கேள்விகள் எல்லாம் அவரிடமிருந்துதான் வரும். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவருக்கு ஒரு வேலை கொடுப்பேன்.

ஒரு மாமியார். மருமகளைக் குழந்தையிடமிருந்து பிரித்து, குளியலறைப் பக்கம் பாய் போட்டு வைத்திருந்தார். "இன்னாமா பண்றது, கொயந்த கீதே" என்றார். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த நோய் வேகமாக முற்றும். "ஆயா, நீங்க சொல்றது சரிதான். குழந்தையை நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. நோய் இல்லைன்னு தெரிஞ்சா, வராம இருக்கவும் மருந்து இருக்கு" என்றேன். பிறகு மருமகளின் மாத்திரை அட்டைகளை அவர் கையிலேயே கொடுத்தேன். "தினம் காலையில நீங்கதான் எடுத்துக் குடுக்கணும். முழுங்கினதும் ராணிமுத்து காலண்டர்ல ஒரு வட்டம் போடுங்க. வட்டம் விட்டுப்போச்சுன்னா நான் உங்களைத்தான் கேப்பேன்."

இரண்டு வாரம் ஒழுங்காக மருந்து சாப்பிட்டாலே பெரும்பாலானவர்களிடமிருந்து நோய் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். இதையும் அவரிடம் சொன்னேன். அந்த வட்டங்களை எண்ணி, இரண்டு வாரம் ஆனதை அவரே தெரிந்துகொண்டார். பாய் எப்போது உள்ளே வந்தது என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. சில மாதம் கழித்து அவரே போன் செய்தார்: "எடை அம்பதத் தாண்டிக்கிச்சே மேடம், மாத்திரைய ஏத்த வாணாமா?"

ஆண்களுக்குக் கொடுக்க வேறு வேலை. அரசுக் குடியிருப்பு வீடுகளில் இருக்கிற ஒரே ஜன்னலை மறைத்துத்தான் பீரோவை நிறுத்தியிருப்பார்கள். தம்பியோ மைத்துனனோ தள்ளி நின்று முறைத்துக்கொண்டிருந்தால், "வாங்க, இந்த பீரோவை நகர்த்தலாம்" என்று கூப்பிடுவேன். இருமலில் வரும் கிருமி மூடிய அறைக்குள் மணிக்கணக்காக மிதக்கும். காற்றோட்டம் அதைக் கலைத்துவிடும். தட்டைப் பிரித்து வைப்பதால் வராத பலன் ஜன்னலைத் திறந்தால் வரும். இதைச் சொல்லிக்கொண்டே பீரோவின் ஒரு முனையை நானும் பிடிப்பேன். கையால் ஒன்றைச் செய்துவிட்டவனுக்கு அப்புறம் ஓடிப்போகத் தோன்றுவதில்லை.

சளி வாங்குவதிலும் இதே கதைதான். டப்பாவைக் கொடுத்து அனுப்பினால் பெண்கள் எச்சிலைத் துப்பிக் கொண்டுவருவார்கள். நாலு பேர் காதுபடக் காறுவதற்குக் கூச்சம். எச்சிலில் கிருமி தெரியாது. 'இல்லை' என்று ரிசல்ட் வந்துவிடும். விடியற்காலையில் மொட்டைமாடிக்குப் போகச் சொல்வேன், வீட்டில் ஒருவரைத் தூரத்தில் துணைக்கு நிறுத்தி. வாயைக் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சை இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும்.

முதல் மாதத்தைவிட இரண்டாம் மாதம்தான் ஆபத்து. காய்ச்சல் நின்றுவிடும், பசி எடுக்கும், சட்டை உடம்பில் நிற்கத் தொடங்கும். 'இனி எதற்கு மாத்திரை' என்ற எண்ணம் அப்போதுதான் வரும். பாதியில் விட்டால், மிஞ்சிய கிருமி மருந்துக்குக் கட்டுப்படாததாக மாறித் திரும்பக்கூடும். வரப்போவதை முன்னாலேயே சொல்லிவைப்பது இங்கே உதவும். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சாக, சிலருக்குச் சிவப்பாகவே போகும். சொல்லாவிட்டால் ரத்தம் என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். சொல்லிவிட்டால் அந்த நிறமே மருந்து வேலை செய்வதற்கு அவர்களுக்குச் சாட்சி. சாப்பிட்டார்களா என்பதற்கு எனக்கும் சாட்சி.

சாப்பாட்டு விஷயம் தனி. காசநோயாளிக்குச் சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அது பல வீடுகளில் குழுக் கடனுக்குப் போய்விடும். நோயாளிக்கென்று வாங்கின முட்டையைப் பிள்ளைகள் சாப்பிட்டுவிடுகிறார்கள் என்று ஊழியர்கள் குறைப்படுவதுண்டு. நான் அதில் குறை காண்பதில்லை. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஒரு ஆராய்ச்சி, நோயாளியோடு வீட்டில் இருந்தவர்களுக்கும் உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்தது. அவர்களுக்கு நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பிள்ளை தின்ற முட்டை வீண்போகவில்லை. முட்டை போதவில்லை என்பதுதான் குறை.

சிலர் நம் கைக்கு வரும்போதே உயிர் ஊசலாடும். 2022இல் தமிழக அரசு தொடங்கிய 'காசநோய் இறப்பில்லா திட்டம்' எங்களுக்கு ஒரு நல்ல பழக்கத்தைக் கொடுத்தது. நோய் உறுதியானதுமே உயரம், எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்ஸிஜன் அளவு பார்க்கிறோம். "எழுந்து நில்லுங்க" என்று சொல்லிப் பார்க்கிறோம். யாரையும் பிடிக்காமல் நிற்க முடியாதவரை வீட்டுக்கு அனுப்புவதில்லை, படுக்கையில் சேர்க்கிறோம். வீட்டிலேயே குணமாகலாம் என்ற பாடத்தைக் கற்றுக்கொடுத்த ஊரில், யாரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதையும் இப்படித்தான் கற்கிறோம்.

என் முறை செல்லுபடியாகாத இடமும் உண்டு. வீட்டில் பயப்படவே ஆள் இல்லாதவர்கள். குடியால் குடும்பம் பிரிந்த ஆட்டோக்காரர், ஒரு அறையில் எட்டுப் பேரோடு தங்கியிருக்கும் வடமாநிலப் பையன், கோயில் வாசலில் படுப்பவர். இவர்களுக்காக டீக்கடை அண்ணாச்சியைத் தேடிப் போவேன். காலை டீயோடு மாத்திரையைக் கொடுப்பவராக அவரை மாற்ற வேண்டும். சிலர் ஒப்புக்கொள்வார்கள். "கடைக்கு வர்றவன் பாத்தா யாவாரம் போச்சும்மா" என்று கைகூப்புகிறவரும் உண்டு. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருடைய கணக்கு அவருக்கு. இப்படி ஆளில்லாத நோயாளிகளைத்தான் நாங்கள் அதிகம் இழக்கிறோம்.

கொரோனா வந்தபோது ஒரு வினோதம் நடந்தது. ஊரே மாஸ்க் போட்டதால் என் நோயாளிகள் தனியாகத் தெரியவில்லை. தைரியமாக வெளியே வந்தார்கள். ஆனால் இருமல் என்றாலே பிடித்துக்கொண்டு போவார்கள் என்று இருமலை மறைத்தவர்களும் அதே காலத்தில்தான் பெருகினார்கள். ஒரே பயம்தான்: செய்வதற்கு ஒன்று இருந்தபோது ஜனங்களைச் சேர்த்து நிறுத்தியது, இல்லாதபோது ஒளிய வைத்தது.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள், சமூகத்தின் மனப்பான்மையை எப்படி மாற்றுவது என்று கேட்கிறார்கள். மனப்பான்மையை நான் மாற்றிப் பார்த்ததில்லை. ஆளுக்கொரு வேலையைக் கொடுத்தால் அது மெல்ல இளகுவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் அதைச் செய்ய எனக்குத் தெரியும். மெஸ் முதலாளிக்கும் வீட்டுக்காரருக்கும் வேலை கொடுக்க என்னிடம் அதிகாரமில்லை. இருந்தால் பெரிதாக ஒன்றும் கேட்க மாட்டேன். முதலாளி சில வாரம் லீவு கொடுத்து, டாக்டர் சரி என்றதும் அதே வேலைக்கு அந்தக் காய் நறுக்கும் பெண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்ளட்டும். வீட்டுக்காரர் ஆறு மாதத்துக்குக் காலி செய்யச் சொல்லாமல் இருக்கட்டும். முடிந்தால் அந்தப் படிக்கட்டுச் சுவரில் ஒரு ஜன்னல் வைக்கட்டும்.