பஞ்சமும் வானமும்

இலங்கை வானொலியின் தமிழ் ஒருகாலத்தில் கடல் தாண்டித் தமிழகத்து வீடுகளில் ஒலித்தது. அந்தச் சிற்றலையை மேலிருந்து திருப்பியனுப்பியது அயனி மண்டலம். ஞாயிற்றின் கதிர்கள் காற்றணுக்களைப் பிளந்து மின்னேற்றுவதால், ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்கு மேலே உண்டாவது அது. ஞாயிறு சீறினால் அதுவும் கலங்கும், சிற்றலை மங்கும், செயற்கைக்கோள் காட்டும் இடக்குறிப்பும் பிழைபடும்.

எல்லத் தோட்டப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது நாம் கொடைக்கானலையும் சேர்த்தே சொல்கிறோம். அங்கே 1899இல் ஞாயிற்றை ஆராயும் நிலையம் எழுந்தது. 1950களில் அயனி மண்டலத்தையும் அளக்கத் தொடங்கியது. அந்நிலையத்துக்கு வித்திட்டது எது? தாது வருடப் பஞ்சம்! 1876-78இல் மக்கள் மடிந்தபின், மழை பொய்ப்பதற்கும் ஞாயிற்றின் மாறுதலுக்கும் தொடர்புண்டோ என ஆராய ஆங்கில அரசு விழைந்தது. அதே பஞ்சம் துரத்தியோரில் பலர் தோணியேறிக் கண்டிச் சீமை சேர்ந்தனர். கோப்பித் தோட்டங்களிலும் பின்னர்த் தேயிலை மலைகளிலும் உழைத்தனர்.

ஒரே பசிதான். அது ஆண்டவர்க்கு ஆய்வு நிலையத்தைத் தந்தது. நம் முன்னோர்க்கு லயத்தைத் தந்தது. தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இன்றும் இல்லை. வானை அளக்கும் கல்வி இப்பிள்ளைகளுக்கு எவரும் இடும் பிச்சையன்று. பாட்டன்மார் பசியால் விலை கொடுத்த உரிமை. அதைக் கேட்டுப் பெறுவோம்.